மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துற பையனுக்கு 48,000 ரூபா பேக்கேஜ் கட்டணுமா?

குடியாத்தத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பையனுக்கு ஆறரை வயசு, ஒண்ணாவது படிக்கிறான். மிக்ஸி ஓடுனா, குக்கர் விசில் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடிடறான். யூனிஃபார்ம் சட்டையில கழுத்துகிட்ட லேபிள் பட்டா கழட்டி வீசறான். முடி வெட்ட ரெண்டு பேர் புடிக்கணும். கத்திரிக்கா, வெண்டைக்கான்னு வழவழன்னு எது இருந்தாலும் ஓங்கரிக்கிறான். பேச்சு, படிப்பு, விளையாட்டுல ஒரு குறையும் இல்லையாம். ஒரு தெரபி சென்டர்ல காட்டினதுக்கு 'சென்சரி ப்ராசஸிங் டிசார்டர்'னு, அதாவது சத்தம், தொடல் மாதிரி புலன் வழியா வர்றதை மூளை சரியா கையாளாத கோளாறுன்னு எழுதிக் குடுத்து, மூணு மாச பேக்கேஜ் 48,000 ரூபா முழுசா முன்னாடியே கட்டணும், கூட 6,000 குடுத்தா மாற்றுத்திறனாளி கார்டையும் நாங்களே வாங்கித் தரோம்னு சொல்லியிருக்காங்க. மாமியார் "எல்லாம் நீ குடுக்கற செல்லம்"ங்கறாங்க. மாமனார் வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மனோட சிரசு (தலை) ஊர்வலமா வர்ற திருவிழாவைப் பாக்க பேரனை இட்டுனுதான் போவேன்னு நிக்கறாராம். பணம் கட்டலாமா, வீட்ல இவனை எப்படி சமாளிக்கறதுன்னு கேட்டிருக்காங்க.

கட்டாதீங்கம்மா. ஒரு ரூபா கூட அட்வான்ஸ் குடுக்காதீங்க.

நான் பத்தொம்போது வருஷமா வேலூர், காட்பாடி பக்கம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டா, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கற தெரபிஸ்டா இருக்கேன், இந்த மாதிரி பிள்ளைங்களைத்தான் தினமும் பாக்கறேன். முதல்ல உங்க மாமியாருக்கு ஒரு வார்த்தை. இது செல்லமும் இல்ல அடமும் இல்ல. உங்க வீட்ல ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா அந்த சத்தம் உங்க காதுக்குத் தெரியறதே இல்ல, ஏன்னா மூளை இது தேவையில்லன்னு ஒதுக்கித் தள்ளிடுது. சட்டை உடம்புல இருக்கறதையே நாம பத்து நிமிஷத்துல மறந்துடறோம். சில பிள்ளைங்களுக்கு அந்த ஒதுக்கற வேலை சரியா நடக்காது, காலைல ஏழு மணிக்குக் குத்துன லேபிள் மத்தியானம் மூணு மணிக்கும் அதே மாதிரி குத்திக்கிட்டே இருக்கும், அதோட உக்காந்து கணக்கு போடுன்னா எப்படி போடுவான் சொல்லுங்க.

இப்ப அந்த சென்டர் எழுதிக் குடுத்த பேருக்கு வரேன். அமெரிக்காவுல ஜீன் அயர்ஸ்னு ஒரு அம்மா, அவங்களும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான், 1960, 70கள்ல இந்த விஷயத்தை ஆராய்ஞ்சு தெரபியா கொண்டு வந்தாங்க, நல்ல வேலைதான், இன்னைக்கும் அதுல இருந்துதான் நாங்க நிறைய எடுத்துக்கறோம். ஆனா 2013-ல வந்த டிஎஸ்எம்-5ங்கற மனநல கையேட்டுல இது தனி வியாதியா கிடையாது, ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா மட்டும்தான் சேர்த்திருக்காங்க. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2012-லயே இந்தப் பேரை தனி வியாதி மாதிரி எழுதாதீங்க, இதுக்குப் பின்னாடி வேற ஏதாவது இருக்கான்னு பாருங்கன்னு சொல்லிட்டாங்க. ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கறது), பதட்டம் இருக்கற பிள்ளைங்களுக்கு இது கூடவே வரும், ஒண்ணுமே இல்லாத பிள்ளைங்களுக்கும் வரும். அதனால பிள்ளைய முழுசா பாக்காம இந்த ஒரு பேரை எழுதி கீழ ரேட்டு போடறவங்க கிட்ட ஜாக்கிரதையா இருங்க.

கார்டு விஷயத்துல எனக்கு வர்ற கோவத்தை அடக்க முடியல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு. ஆட்டிசம் இருக்கு, அறிவுசார் குறைபாடு இருக்கு, காது கேளாமை இருக்கு. சென்சரின்னு ஒண்ணு இல்லவே இல்ல. அப்புறம் இவங்க எந்தக் கார்டை வாங்கித் தரப் போறாங்க? பையனுக்கு இல்லாத ஆட்டிசத்தை இருக்குன்னு எழுத வைப்பாங்க, இல்ல காசை வாங்கிக்கிட்டு "சைட் டவுன், அடுத்த மாசம் வாங்க"ம்பாங்க. உண்மையிலயே தேவைப்படற பிள்ளைக்கு யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி கார்டுக்கு அப்ளிகேஷன் ஃப்ரீ, ஸ்வாவ்லம்பன் போர்ட்டல்ல நீங்களே போடலாம், அரசு ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டு பாத்துட்டு குடுக்கும், நடுவுல எவனுக்கும் ஒரு பைசா வேலை இல்ல. ஆனா ஜனங்க ஏன் புரோக்கர் கிட்ட போறாங்கன்னும் எனக்குத் தெரியும். வாணியம்பாடி பக்கத்துல இருந்து ஒரு அம்மா, உண்மையிலயே கார்டு கிடைக்க வேண்டிய பிள்ளைய தூக்கிக்கிட்டு ஒரு ஆபீசுக்கு நாலு தடவ வந்தாங்க. ஒரு நாள் டாக்டர் லீவு, ஒரு நாள் சீல் இல்ல, ஒரு நாள் ஆதார்ல இனிஷியல் மாறியிருக்கு, நாலாவது தடவ "இன்னைக்கு இதுக்கு நாள் இல்லம்மா". ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பீடிக் கூலி போச்சு. அஞ்சாவது தடவ ஜெராக்ஸ் கடையில நின்னவன் மூவாயிரம் கேட்டான், கம்மலை அடகு வச்சு குடுத்துட்டாங்க. அந்த அம்மாவை நான் எப்படி திட்டறது? வேலூர் மாவட்டத்தை 2019-ல மூணா பிரிச்சாச்சு, ஆனா என்கிட்ட வர்றவங்க இன்னும் அரக்கோணத்துல இருந்தும் ஆம்பூர்ல இருந்தும் வேலூருக்குத்தான் பஸ் ஏறி வராங்க.

அதே ஆளுங்க இன்னொண்ணும் விப்பாங்க, அதையும் சொல்லிடறேன். "ஸ்டெம் செல் போட்டா மூளை சரியாயிடும்"னு யாராவது ஆரம்பிச்சா அந்த நிமிஷமே எழுந்து வந்துடுங்க. ஆட்டிசத்துக்கு அதை வைத்தியமா பண்ணக்கூடாதுன்னு தேசிய மருத்துவ ஆணையத்தோட நெறிமுறை வாரியம் 2022 டிசம்பர்லயே சொல்லியாச்சு. காதுல ஹெட்ஃபோன் மாட்டி பாட்டு போட்டு குணப்படுத்தற மெஷின், தலையில ஒயர் ஒட்டி 'பிரெயின் மேப்பிங்' பண்ணி கலர் கலரா பிரிண்ட் எடுத்துத் தர்றது, இதெல்லாம் உங்க பையனுக்கு வேண்டாம். வெயிட் போர்வைன்னு விப்பாங்க, ஆட்டிசம் இருக்கற பிள்ளைங்களுக்கு அதைக் குடுத்துப் பாத்த ஆய்வு 2014-ல வந்துச்சு, தூக்கம் ஒண்ணும் கூடல. சின்ன பிள்ளை மேல கனத்தைப் போட்டுட்டு நீங்க தூங்கறது ஆபத்தும் கூட.

சரி, என்ன செய்யணும். முதல்ல காதைக் காட்டுங்க. அழுக்கு, சீழ் இருக்கான்னு காது டாக்டர் பாக்கட்டும், காது எவ்ளோ கேக்குதுன்னு பாக்கற ஆடியோகிராம் ஒண்ணு எடுத்துடுங்க, அரசு ஆஸ்பத்திரிலயே எடுப்பாங்க.

ஒரு இடத்துல மட்டும் நான் சொல்ற நிதானம் கூடாது, அதை நல்லா படிங்க. உங்க பையன் கைக்குழந்தையில இருந்தே இப்படித்தான்னா பொறுமையா போகலாம். நேத்து வரைக்கும் மிக்ஸி பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட பிள்ளை திடீர்னு சத்தம் தாங்கலன்னா கதை வேற. காய்ச்சல் வந்து போனதுக்கு அப்புறம் ஆரம்பிச்சா, கீழ விழுந்து தலையில அடிபட்டதுக்கு அப்புறம் ஆரம்பிச்சா, ஒரு காது மட்டும் வலிக்குதுன்னா, தலைவலி வாந்தியோட வெளிச்சமும் கூசுதுன்னா, இருந்த பேச்சு குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னா, தெரபிஸ்ட் கிட்ட வராதீங்க, என்கிட்டயும் வராதீங்க, அன்னைக்கே டாக்டர் கிட்ட போங்க. காய்ச்சலும் தலைவலியும் இருக்கும்போதே வெளிச்சம் கூசி கழுத்தும் விறைச்சுதுன்னா விடியட்டும்னு கூட இருக்காதீங்க, ராத்திரியே கிளம்புங்க. "சென்சரிதான் சார்"னு சொல்லிக்கிட்டு ரெண்டு மாசம் தெரபிக்கு வந்த ஒரு பிள்ளைக்கு காதுக்குள்ள சீழ் புடிச்சிருந்தது. முதல் நாளே டார்ச் அடிச்சுப் பாத்திருந்தா அந்த ரெண்டு மாச வலி அந்தப் பிள்ளைக்கு இல்ல.

இப்ப வீடு. லேபிளை கத்திரிக்கோலால வெட்டியிருப்பீங்க, எல்லாரும் அதான் பண்ணுவாங்க, அப்புறம் ஒரு நூல் அளவு விளிம்பு குச்சி மாதிரி நின்னு முன்ன விட மோசமா குத்தும். டெய்லர் கிட்ட தையல் பிரிக்கற ஊசி இருக்கும், அதால லேபிளை அடித்தையலோட பிரிச்சு எடுக்கச் சொல்லுங்க. அப்படியே காலர் உள்பக்கம் விரலை வச்சு மெதுவா தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல்ல தச்சிருந்தா முனை நறுக்குனு படும், அதையும் பிரிச்சு காட்டன் நூல் போடச் சொல்லுங்க. புது யூனிஃபார்மை நாலு அஞ்சு தடவ துவைச்சுட்டு போடுங்க, கஞ்சி வேண்டாம். சாக்ஸை உள்ளவெளியா திருப்பி மாட்டுங்க, விரல்கிட்ட இருக்கற தையல் வெளிப்பக்கம் வந்துடும். நம்ம ஊர் மே மாச வெயில்ல வேர்த்து ஒட்டுன பாலியஸ்டர் பெரியவங்களுக்கே தாங்காது, உள்ள ஒரு பழைய காட்டன் பனியன் போட்டு அனுப்புங்க.

சத்தத்துல பிள்ளைக்குப் பெரிய கஷ்டம் எப்ப வரும்னு தெரியாதது. அதனால சொல்லிட்டு போடுங்க. "தம்பி, மிக்ஸி போடப் போறேன், பத்து எண்ணு"னு சொல்லி, அவன் வாசல்ல போய் நின்னதும் போடுங்க, பத்துல நிறுத்திடுங்க. ஒரு வாரம் கழிச்சு ஸ்விட்சை அவன் கையில குடுங்க, அவனே போட்டு அவனே நிறுத்தட்டும், நிறைய பிள்ளைங்களுக்கு இதுலயே பாதி பயம் போயிடும். மிக்ஸிக்குக் கீழ ரப்பர் மேட் போட்டா மேடை அதிர்றது குறையும். குக்கர் விசிலை அமுக்கறேன், துணி சுத்தறேன்னு யாரும் கிளம்பாதீங்க, வெடிக்கும். பருப்பை அவன் ஸ்கூல் போனப்புறம் வைங்க, இல்ல பானையில வேக வைங்க. பழைய சோக் வச்ச டியூப்லைட் இருந்தா மாத்திடுங்க, அது ரீங்காரம் போடும், மினுக்கும், நமக்குத் தெரியாது, இவங்களுக்குத் தெரியும்.

காதுக்குப் பஞ்சு வைக்காதீங்க, அதுல சத்தம் பெருசா குறையாது, உள்ளதான் மாட்டிக்கும். கிரைண்டிங் வேலை செய்றவங்க காதை மூடி போடற இயர் மஃப் ஹார்டுவேர் கடையில சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், சின்னது பண்ணிக்கலாம், இல்லன்னா பிள்ளைங்க சைஸ் ஆன்லைன்ல வாங்குங்க. கல்யாணம், பட்டாசு, பஸ் ஸ்டாண்டு, அவ்ளோதான், வீட்ல நாள் முழுக்க மாட்டி விடாதீங்க, எப்பவும் சத்தமே இல்லாம இருந்து பழகுனா காது இன்னும் கூசும்.

முடி வெட்டறதுக்கு ஞாயித்துக்கிழமை போகாதீங்க. புதன், வியாழன் காலைல கடை காலியா இருக்கும்போது போங்க. மெஷின் வேண்டாம், அது மண்டை ஓட்டுல பட்டதும் சத்தம் எலும்பு வழியா நேரா காதுக்குள்ள போகும், கத்திரிக்கோல்ல வெட்டச் சொல்லுங்க. உக்கார வைக்கறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு உள்ளங்கையாலயும் அவன் தலைய நல்லா அழுத்தமா, மெதுவா, ஒரு நிமிஷம் புடிங்க. லேசா தடவாதீங்க. லேசான தொடல் பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும் இவங்களுக்கு, அழுத்திப் புடிச்சா அமைதியாவாங்க, மாமியார் கிட்டயும் இதைச் சொல்லிடுங்க, கொஞ்சறதுக்குக் கன்னத்தைத் தடவாம கட்டிப் புடிக்கட்டும்.

சாப்பாட்டுல வாய்ல திணிக்கறதை நிறுத்துங்க. கத்திரிக்கா கொத்சு வேண்டாம்னா விடுங்க, முருங்கைக்கீரைய அடைல போடுங்க, வெண்டைக்காய மொறுமொறுன்னு வறுங்க.

ஸ்கூல்ல பெல் அடிக்கற இடத்துல இருந்து தள்ளி உக்கார வைக்கச் சொல்லி டீச்சர் கிட்ட ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, வாயால சொன்னா மறந்துடுவாங்க, அவங்க மேலயும் தப்பில்ல, அத்தனை பிள்ளைங்க. அரசுப் பள்ளின்னா வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர் இருப்பாங்க, ஹெச்எம் மூலமா கேளுங்க, காசு கிடையாது.

இதெல்லாம் ரெண்டு மாசம் பண்ணியும் நாள் ஓடலன்னா அப்ப தெரபி பாக்கலாம். வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட நம்பிக்கை நிலையம் இருக்கு, சென்னை பக்கம் முட்டுக்காட்டுல நிப்மெட்ங்கற மத்திய அரசோட மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கு. தனியார் கிட்ட போனாலும் படிப்பு என்னன்னு கேளுங்க, ஆக்குபேஷனல் தெரபி டிகிரி வேணும், ஆறு நாள் ஆன்லைன் கோர்ஸ் முடிச்சவங்க பந்து குளத்துல இறக்கிவிட்டு காசு வாங்கறாங்க. ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியா பணம் குடுங்க, தெரபி நடக்கும்போது உள்ள உக்காந்து பாக்க விடணும், வீட்ல என்ன பண்ணணும்னு சொல்லித் தரணும். கதவை மூடிக்கிட்டு அம்மாவை வெளில உக்கார வைக்கற இடத்துக்கு ரெண்டாவது தடவ போகாதீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல "டோக்கன் நான் எடுத்துத் தரேன்"னு வர்ற ஆளோட பேசவே பேசாதீங்க, நேரா கவுண்டருக்குப் போங்க.

கடைசியா சிரசு. குடியாத்தத்துல பொறந்த பிள்ளைய சிரசுக்கு வராதேன்னு நான் சொல்ல மாட்டேன், மாமனார் ஆசை நியாயமானது. ஆனா தோள்ல தூக்கிக்கிட்டு கூட்டத்துக்குள்ள போறது வேண்டாம். ரெண்டு நாள் முன்னாடி காலைல கோபாலபுரம் கோயிலுக்கு தாத்தாவும் பேரனும் மட்டும் போய்ட்டு வரட்டும், இங்கதான் அம்மன் வரும், இங்க மேளம் அடிப்பாங்கன்னு தாத்தா காட்டட்டும். அன்னைக்கு ஊர்வலம் வர்ற வழியில சொந்தக்காரங்க மொட்டை மாடி ஏதாவது பாத்து வைங்க. பம்பை சத்தம் தூரத்துல கேக்கும்போதே இயர் மஃப் மாட்டிடுங்க, பக்கத்துல வந்தப்புறம் மாட்ட விட மாட்டான். அவன் தாத்தா கைய ரெண்டு தடவ அழுத்துனா கீழ இறங்கி வீட்டுக்குக் கிளம்பிடணும், இதை முன்னாடியே பேசி வைங்க, அம்மன் தலை தெரியற நேரத்துல அழுத்துனாலும் கிளம்பிடணும்னு மாமனார் கிட்ட நீங்களே சொல்லி ஒத்துக்க வைங்க.