கண்ணை மூடினால் காட்சி, காதருகே குரல்

கேள்வி: பாதுகாவலர் வேலை, வாரம் மாறி வாரம் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்துக் கண்ணை மூடினால் வலைப்பின்னல்களும் முன்பின் தெரியாத முகங்களும் ஓடுகின்றன. சில நாள் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மனநோயின் தொடக்கமா?
— வாசகர், ஈசூன்

பதில்: நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், அப்படித் தோன்றவில்லை. விழிப்பிலிருந்து தூக்கத்துக்குள் நழுவும் நிமிடங்களில் பலருக்கும் இப்படி வரும். வெளிச்சம் இல்லாவிட்டாலும் விழித்திரையும் மூளையின் பார்வைப் பகுதியும் சும்மா இருப்பதில்லை. புள்ளி, கோடு, வலை எல்லாம் அந்த இயக்கம்தான். கனவு காணும் வேலையை மூளை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டால் முகமும் குரலும் சேர்ந்துகொள்ளும். தூக்கக் குறைவும் மாறிமாறி வரும் ஷிப்டும் இதைக் கூட்டும்.

படுப்பதற்கு 6 மணி நேரத்துக்கு முன்பே கோப்பியை நிறுத்துங்கள். தடித்த திரை போட்டு அறையை இருட்டாக்கி, 7 மணி நேரமாவது தூங்குங்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலருக்கு அது கனவையும் காட்சியையும் தூண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் தளர்வது இரண்டும் இருந்தால் நார்கோலெப்சி என்ற தூக்கக் கோளாறாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் சொல்லி, தூக்க சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள்.

தலைக்குள் கேட்டால் ஒன்றுமில்லை, வெளியிலிருந்து கேட்டால்தான் நோய் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயிலும் குரல் தலைக்குள்ளேயே கேட்கலாம். தன் மனப்பேச்சையே பிறர் குரலாக மூளை எடுத்துக்கொள்வது அதற்கு ஒரு விளக்கம். பார்க்க வேண்டியது வேறு: நன்றாக விழித்திருக்கும்போதும் கேட்கிறதா, கட்டளை இடுகிறதா, அதை உண்மை என்றே நம்புகிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் தாமதிக்காதீர்கள். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவி எண் 6389 2222. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தி, ஓரிரு நாளில் இல்லாததைக் கண்டால் அது அவசரம், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

கேள்வி: மாக்குலா சிதைவால் (விழித்திரையின் நடுப்பகுதி பழுதாவதால்) பார்வை மங்கிய அம்மா, ஹாலில் பிள்ளைகள் நிற்பதாகச் சொல்கிறார். சத்தமே இல்லையாம்.
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: நிஜமில்லை என்று அவருக்கே தெரிந்தால், சார்ல்ஸ் போனே நோய்க்குறியாக இருக்கலாம். சுவிஸ் அறிஞரான போனே தம் தாத்தாவுக்கு நேர்ந்ததை 1760இல் எழுதினார். கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளை தானே படம் போடுகிறது. விளக்கைப் போடுவதும் கண்ணை இடவலமாக அசைப்பதும் சிலருக்குக் காட்சியைக் கலைக்கும். கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில மணி நேரத்திலேயே தொடங்கி, குழப்பமோ காய்ச்சலோ சேர்ந்தால் கதை வேறு. சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.