குட்டி ரயில் பதில்கள்: எந்த ஸ்டேஷன், எந்த வருஷம்?

வீட்டுக்குள்ள குட்டி மாடல் ரயில் ஓட்டுறவங்க கேள்வி அனுப்பலாம்னு போன இதழ்ல ஒரு ஓரமா ஒரு வரி போட்டிருந்தோம், யார் எழுதப் போறாங்கன்னு நெனச்சா மேஜை நிறைஞ்சு போச்சு. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா சேர்த்து பதில் எழுதியிருக்கேன்.

சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: ரெண்டு பெட்ரூம் பிளாட் சார். ஹால்ல ஆறடிச் சுவர் ஒண்ணுதான் எனக்குன்னு ஒதுக்கியிருக்காங்க. எட்டுக்கு நாலு பிளைவுட் ஒண்ணு போட்டு ரயில் சுத்தி வர்ற மாதிரி பண்ணலாம்னு ஆசை. எச்ஓ (HO) ஸ்கேல் வாங்கவா, 'என்' (N) ஸ்கேல் வாங்கவா?

ஸ்கேல் அப்புறம் பாக்கலாம் சார், முதல்ல எந்த ஸ்டேஷன், எந்த வருஷம்னு சொல்லுங்க. யார் கேட்டாலும் நான் இதைத்தான் திருப்பிக் கேப்பேன், சிரிப்பாங்க. ஆனா மானாமதுரை ஜங்ஷன், 1975-ன்னு ஒருத்தர் முடிவு பண்ணிட்டாருன்னா மீட்டர் கேஜ், கரி எஞ்சின், கைகாட்டி சிக்னல்னு பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும். அதே மானாமதுரை இன்னைக்குன்னா பிராட் கேஜ், கலர் லைட், வேற பெட்டி, வேற எல்லாமே. இதை முடிவு பண்ணாம கடைக்குப் போனவங்க வீட்ல ஜெர்மன் எஞ்சின் ஒண்ணு, அமெரிக்கன் கூட்ஸ் நாலு, ஊருக்கு சம்பந்தமில்லாத பனி மூடின ஓட்டு வீடு ஒண்ணுன்னு கலந்து கட்டி நிக்கும்.

இப்ப ஸ்கேல். எச்ஓன்னா நிஜத்துல 87-ல ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். என் ஸ்கேல்னா 160-ல ஒரு பங்கு, 9 மில்லிமீட்டர். நம்ம சென்னை ஐசிஎஃப் ஃபேக்டரி பெட்டி ஒண்ணு பஃபரோட சேர்த்து 22.3 மீட்டர், அதாவது எச்ஓல 25 சென்டிமீட்டருக்கு மேல வரும், என்ல 14. பெட்டி நீளத்தைப் போல மூணு மடங்காவது வளைவோட ஆரம் இருக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, இல்லன்னா வளைவுல பெட்டியோட மூலை வெளிய தள்ளிக்கிட்டு பாக்கவே சகிக்காது, சில சமயம் தடம் புரளவும் செய்யும். எச்ஓல அந்தக் கணக்குப்படி ஆரம் 77 சென்டிமீட்டர், அப்ப முழு வட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம் வேணும், உங்க நாலடி பிளைவுட் 122 சென்டிமீட்டர்தான். என் ஸ்கேல்ல 84 சென்டிமீட்டர்ல முடிஞ்சிடும். அதனால ரயில் சுத்தி வரணும்னா என் ஸ்கேல்தான், ஆனா எட்டடிப் பலகையை ஆறடிச் சுவர்ல எப்படி வைக்கப் போறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே!

என்னைக் கேட்டா சுத்த விடாதீங்கன்னுதான் சொல்வேன். வட்டத்துல ஓடுற ரயிலை எத்தனை நாள் பாப்பீங்க? ஆறடிச் சுவர்ல ஓரடி அகலத்துக்கு ஒரு ஷெல்ஃப் அடிங்க, அதுல கூட்ஸ் யார்டு போடுங்க. பிரிட்டன்ல ஆலன் ரைட்னு ஒருத்தர் யோசிச்ச 'இங்கிள்நூக்'னு ஒரு அமைப்பு இருக்கு, மொத்தமே ரெண்டு பாயின்ட் (ரயில் தடம் மாறுற இடம்), மூணு லைன். ஒரு லைன்ல அஞ்சு வேகன் நிக்கும், மத்த ரெண்டுல மூணு மூணு, எஞ்சின் நிக்கிற பக்கம் எஞ்சினோட மூணு வேகன். எட்டு வேகனை வச்சுக்கிட்டு, சீட்டு குலுக்கிப் போட்டு வந்த அஞ்சு வேகனை வந்த வரிசையிலேயே கோத்து நிறுத்தணும், அதான் ஆட்டம். 6,720 விதமா வரிசை வரும். பழைய நாலு சக்கர வேகன்னா எச்ஓலயே அஞ்சடிக்குள்ள அடங்கிடும். நான் ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு ஆட்டம் போடுவேன், சில நாள் இருபது நிமிஷத்துல முடியும், சில நாள் முக்கால் மணி நேரம் ஆகி வீட்ல லைட்டை ஆஃப் பண்ணிடுவாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், நம்ம பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர், எச்ஓல அது 19 மில்லிமீட்டருக்கு மேல வரணும். கடைல கிடைக்கிற 16.5 தண்டவாளம் வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜுக்கானது. கிட்டத்தட்ட மூணு மில்லிமீட்டர் குறையும். உத்துப் பாத்தா தெரியும், நான் உத்துப் பாக்கிறதில்ல.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: அண்ணா, பையனுக்கு பதினாலு வயசு, ரயில்னா உயிர். வெளிநாட்டு மரம், புல்லு, ஜல்லின்னு பாக்கெட் பாக்கெட்டா விக்கிறாங்க, விலையைப் பாத்தா தலை சுத்துது. வீட்ல இருக்கிறதை வச்சு பண்ண முடியாதா?

பண்ணலாம் அக்கா, அதுதான் நல்லாவும் இருக்கும். எஞ்சின், தண்டவாளம், கன்ட்ரோலர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி) இந்த மூணுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, பாக்கி எல்லாம் அடுப்படியிலயும் தோட்டத்துலயும் இருக்கு. டீ போட்டு வடிகட்டின தூளை ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல காய வச்சு சலிச்சா அருமையான மண் தரை, ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பூஞ்சை பூத்துடும், அதுல மட்டும் கவனம். காஞ்ச பீர்க்கங்காய் நாரைப் பிச்சு பச்சை சாயம் தேச்சா புதரு, தேங்காய் நாரை பொடியா வெட்டினா காஞ்ச புல்லு. ஆலமரத்துக்கு பழைய காப்பர் வயரை முறுக்கி கிளை பிரிச்சு, விழுதுக்கு ஒத்தை ஒத்தைக் கம்பியா தொங்க விடச் சொல்லுங்க.

உங்க ஊருன்னா பனைமரம் இல்லாம ஆகாது. இருபது மீட்டர் பனை எச்ஓல 23 சென்டிமீட்டர் வரும், பெட்டியை விட அவ்வளவு உசரமான்னு பையன் சந்தேகப்படுவான், அதான் சரி, குட்டையா பண்ண விடாதீங்க. திருச்செந்தூர் லைனை மனசுல வச்சிருந்தான்னா தேரிக்காட்டு செம்மண்ணு ஒரு டப்பா அள்ளிட்டு வாங்க, அந்தக் கலர் எந்தப் பாக்கெட்லயும் வராது. ஆனா போடுறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அந்த மண்ணுல நல்லா அலசி எடுக்கணும், தேரி மண்ணுல இரும்புச் சத்துள்ள கறுப்புத் துகள் இருக்கும், அது எஞ்சினுக்குள்ள போய் மோட்டார் காந்தத்துல ஒட்டிக்கிட்டா எஞ்சின் காலி.

ஜல்லி ஒட்டுறதுக்கு ஒரு முறை இருக்கு. சலிச்ச மணலை காஞ்ச நிலையிலேயே தண்டவாளத்துக்கு நடுவுல கொட்டி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால சிலிப்பர் கட்டை தெரியுற அளவுக்கு நெரவி விடணும். அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு கலந்த தண்ணியை பனி மாதிரி ஸ்பிரே பண்ணணும், அதைப் பண்ணலன்னா பசை உள்ள இறங்காம உருண்டை உருண்டையா மேலயே நிக்கும். அதுக்கப்புறம் ஃபெவிகாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து இங்க் ஃபில்லரால சொட்டு சொட்டா விட்டு ராத்திரி முழுக்க தொடாம விடணும். ஃபேனையும் போடக்கூடாது! பாயின்ட் கிட்ட பசை போனா அது அசையவே அசையாது, அங்க மட்டும் கையால கொஞ்சமா வைக்கச் சொல்லுங்க.

மலைக்கு தெர்மோகோல் தாராளமா பயன்படுத்தலாம், ஆனா மேல ஸ்பிரே பெயின்ட் அடிக்கக் கூடாது. நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து செதுக்குன சுரங்கத்துக்கு கறுப்பு ஸ்பிரே அடிச்சுட்டு காபி குடிக்கப் போனேன், வந்து பாத்தா மலை உள்வாங்கி ஊத்தப்பம் மாதிரி கெடக்கு. பெயின்ட்ல இருக்கிற கரைப்பான் தெர்மோகோலைத் தின்னுடும். பேப்பரையும் மைதாப் பசையையும் ரெண்டு அடுக்கு ஒட்டி, மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, வாட்டர் கலர் அடிங்க. மைதாப் பசைல மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவாங்களே, போஸ்டர் ஒட்டுறவங்க, அதைப் போட்டா பூச்சி வராது, ஆனா அது விஷம், நீங்களே கலந்து கொடுங்க, கையைக் கழுவச் சொல்லுங்க.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: ரெண்டு மாசம் நல்லா ஓடிச்சு. இப்ப எஞ்சின் அங்கங்க நின்னு நின்னு போகுது, கன்ட்ரோலர்லேர்ந்து தூரமா போற இடத்துல ரொம்ப மோசம். எஞ்சின் போயிடுச்சா?

எஞ்சின் மேல பழி போடாதீங்க. கடற்கரை ஊரு, உப்புக்காத்து, தண்டவாளமும் சக்கரமும் கறுத்துப் போயிருக்கும். சுத்தமான காட்டன் துணியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு தண்டவாளத்தைத் துடைங்க, துணி கறுப்பா வர்றது நிக்கிற வரைக்கும். அப்புறம் எஞ்சின் சக்கரத்தையும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, அந்தக் கீறல்ல அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். தண்டவாளம் வாங்கும்போது 'நிக்கல் சில்வர்'னு கேட்டு வாங்கணும், பேர்லதான் சில்வர், உள்ள செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், ஆனா உங்க ஊருக்கு இரும்புத் தண்டவாளத்தை விட ஆயிரம் மடங்கு மேல்.

தூரத்துல மோசம்னு சொன்னீங்க பாருங்க, அது வேற வியாதி. ஒரு தண்டவாளத்துலேர்ந்து அடுத்ததுக்கு கரன்ட் ரெண்டையும் கோக்கிற சின்ன ஃபிஷ்பிளேட் தகடு வழியாத்தான் போகுது, நாளாக ஆக அது லூசாகி கறுத்து கரன்டை விடாது. பலகைக்கு அடியில 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் ரெண்டு, ஒரு கலருக்கு ஒண்ணா, கோடி வரைக்கும் இழுத்துடுங்க, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுலேர்ந்தும் மெல்லிசா ஒரு வயர் சால்டர் பண்ணி அதுல சேருங்க. சலிப்பான வேலைதான், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரே தடவைல பண்ணிடணும். அதேபோல மூணு மீட்டருக்கு ஒரு இடத்துல ஜாயின்ட்ல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்க, 20 டிகிரி சூடு ஏறினா மூணு மீட்டர் தண்டவாளம் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும், இடமில்லன்னா பக்கவாட்டுல வளையும்.

டிஜிட்டல் கன்ட்ரோல் வாங்கணுமான்னும் அதே கடிதத்துல கேட்டிருந்தீங்க. ஒரே எஞ்சின்னா தேவையில்ல, சாதா 12 வோல்ட் டிசி போதும். ஒரே லைன்ல ரெண்டு எஞ்சினை தனித்தனியா ஓட்டணும்னா வாங்குங்க.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: நாப்பத்தெட்டு வயசுல பொம்மை ரயிலான்னு வீட்ல கிண்டல். என்ன சொல்ல?

அமெரிக்காவுல எம்ஐடி காலேஜ்ல 1946-லயே மாடல் ரயில் கிளப் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, பலகைக்கு அடியில ரிலே, சுவிட்ச்னு நோண்டிக்கிட்டு இருந்த பசங்கதான் பின்னாடி கம்ப்யூட்டர் பக்கம் போனது, 'ஹேக்'ங்கிற வார்த்தை இன்னைக்கு இருக்கிற அர்த்தத்துல புழங்க ஆரம்பிச்சதே அங்கதான்னு சொல்லிப் பாருங்க. எங்க வீட்ல சொன்னேன், "அவங்களாவது கம்ப்யூட்டர் பக்கம் போனாங்க"ன்னு பதில் வந்துச்சு.

கோயம்புத்தூரிலிருந்து ரிட்டயர் ஆன ஒருவர்: மேட்டுப்பாளையம் – ஊட்டி ரயிலை மாடியில கட்டணும். பத்துக்குப் பன்னெண்டு ரூம். நடக்குமா?

ஐயா, 46 கிலோமீட்டரையும் எச்ஓல போட்டா 529 மீட்டர் வரும், தெருவையே வாடகைக்கு எடுக்கணும். ஒரு இடத்தைப் பிடிங்க. நான் வழியில வர்ற ஹில்குரோவ் ஸ்டேஷனைச் சொல்வேன், எஞ்சின் தண்ணி பிடிக்க நிக்கும், ஜனங்க இறங்கி டீ குடிப்பாங்க, குரங்கு வரும், சீன் தானா அமையுது.

அது மீட்டர் கேஜ், எச்ஓல 12 மில்லிமீட்டர் தண்டவாளம். கல்லாறுலேர்ந்து குன்னூர் வரைக்கும் ஏத்தம் 12-க்கு 1, சாதாரண மாடல் எஞ்சின் 100-க்கு 3 ஏறவே முக்கும், அதனால நடுவுல எஞ்சினோட பல் சக்கரம் கவ்வி ஏற பல் தண்டவாளம் வேணும். இதுல ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. ஊட்டியோட எக்ஸ் கிளாஸ் கரி எஞ்சினைச் செஞ்சது சுவிட்சர்லாந்து வின்டர்தூர்ல இருந்த எஸ்எல்எம் கம்பெனி, நம்ம லைன்ல இருக்கிற ஆப்ட் பல் அமைப்பே சுவிஸ் மலை ரயில்லயும் உண்டு, அந்த ரயில்களுக்கு 12 மில்லிமீட்டர்ல பல் தண்டவாளத்தோட ஜெர்மன் கம்பெனி பெமோ மாடல் பண்றாங்க. அடிப்பாகத்தை அப்படி வாங்கிட்டு மேல் உடம்பை நீங்க பிளாஸ்டிக் ஷீட்ல செய்யலாம். ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்னு தள்ளணும், முன்னாடி கோத்து இழுக்க விட்டீங்கன்னா நீலகிரிக்காரங்க ஒருத்தரும் உங்க வீட்டுப் பக்கம் வர மாட்டாங்க. வேகமும் பாருங்க, மணிக்கு 10 கிலோமீட்டர்னு வச்சா மாடல்ல ஒரு செகண்டுக்கு மூணு சென்டிமீட்டர்தான், எறும்பு கூடவே நடந்து வரும்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு காலேஜ் மாணவர்: பாம்பன் பாலம் பண்ணணும் சார். தாத்தா அந்தப் பக்கம் ரயில்ல போனதைப் பத்தி சொல்லிக்கிட்டே இருப்பார். எப்படி ஆரம்பிக்கிறது?

எந்த வருஷம் தம்பி? கிண்டலுக்குக் கேக்கல. 1914-ல திறந்த பழைய பாலம்னா நடுவுல ரெண்டு கையா மேல தூக்குற ஷெர்சர் தூக்குப் பாலம், ஆளுங்க கையால நெம்பித் திறந்தது. 2025-ல திறந்த புதுசுன்னா அப்படியே செங்குத்தா மேல போற 72.5 மீட்டர் துண்டு, எச்ஓல அது மட்டுமே 83 சென்டிமீட்டர். முழுப் பாலம் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, 23 மீட்டரைத் தாண்டும், அதை மறந்துடுங்க, தூக்குற துண்டும் ரெண்டு பக்கமும் அஞ்சாறு கண்ணும் போதும். 2007 வரைக்கும் பழைய பாலத்துல மீட்டர் கேஜ், அதுக்கப்புறம்தான் பிராட் கேஜ், தண்டவாளம் வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பாத்துக்கோங்க.

தாத்தா போனது 1964 டிசம்பருக்கு முன்னாடின்னா ஒண்ணு யோசிங்க. அன்னைக்கு ரயில் பாம்பனைத் தாண்டி தனுஷ்கோடி வரைக்கும் போச்சு, அங்க இறங்கி கப்பல் ஏறி தலைமன்னாருக்குப் போனாங்க, புயல்ல அந்த லைனும் ஸ்டேஷனும் போயிடுச்சு. புதுப் பாலத்தை நாளைக்குக் கூட போய்ப் பாத்துட்டு வரலாம். தனுஷ்கோடி ஸ்டேஷனை இனிமே பலகை மேலதான் கட்ட முடியும், அதுக்கு அளவு தாத்தா மாதிரி ஆளுங்ககிட்டதான் இருக்கு. பிளாட்பாரத்துலேர்ந்து கப்பலுக்கு எத்தனை அடி நடந்தார், கடல் எந்தக் கைப்பக்கம் இருந்துச்சு, டீக்கடை எங்க இருந்துச்சுன்னு உக்காத்தி வச்சுக் கேட்டு ஒரு நோட்ல படமா போட்டு வாங்குங்க. பிளைவுட் அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.