மிச்ச உல்லன் நூலில் ஒரு போர்வை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னியதில் மீந்த உல்லன் நூல் இரண்டு பை நிறைய இருக்கிறது. மார்கழி, தைக் குளிருக்கு என் மாமியாருக்குக் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வை ஒன்று போடலாம் என்று வரிசை வரிசையாகத் தொடங்கினேன். ஒரு முழம் வருவதற்குள் அகலம் குறுகிவிட்டது. சில இடம் விறைப்பாகவும் சில இடம் தொளதொளவென்றும் இருக்கிறது. பிரித்துவிடலாமா? – ஒரு வாசகி, தேவிகுளம்.

பதில்: தயங்காமல் பிரித்துவிடுங்கள், சகோதரி. உங்கள் பகுதியில் தை மாதம் சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கி, விடியற்காலையில் புல்மேல் உறைபனி படிகிறது. அந்தக் குளிருக்குப் பயன்பட வேண்டிய போர்வையை அரைகுறையாகச் சரிக்கட்டுவதைவிடப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

அகலம் குறுகியதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். டபுள் குரோஷே (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடும் உயரமான கண்ணி) வரிசையில் திரும்பும்போது போடுகிற மூன்று செயின் (சங்கிலிக் கண்ணி), அந்த வரிசையின் முதல் கண்ணியாகக் கணக்கில் வருகிறது. அடுத்த வரிசையின் முடிவில் அந்த மூன்றாவது செயினின் தலையில் ஊசியை நுழைத்து ஒரு கண்ணி போடாமல் விட்டால், வரிசைக்கு ஒரு கண்ணி வீதம் குறைந்துகொண்டே போகும். அந்தச் செயினின் தலை சற்றே பின்பக்கம் சாய்ந்து ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. செயின் போட்டவுடனே அதில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கோத்து வையுங்கள்.

விறைப்பும் தொளதொளப்பும் நூலின் பருமன் வேறுபடுவதால் வருபவை. ஒவ்வொரு நூலையும் ஒரு பென்சிலில் இழுக்காமல், இடைவெளியில்லாமல் ஓர் அங்குல நீளத்துக்குச் சுற்றி, எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு சுற்று கூடக்குறைய இருப்பவை ஒரு குவியல். மிகவும் மெல்லிய நூலை இரண்டு இழையாகச் சேர்த்துப் போடலாம்.

இதற்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடைகளில் உல்லன் என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. ஆட்டுக் கம்பளி நூல் அரிதாகவே கிடைக்கிறது. உங்கள் பையில் இரண்டும் கலந்திருக்கக்கூடும். விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியபின் கரிய மணிபோல் இறுகும். வெந்நீரில் அலசிக் கசக்கினால் கம்பளி சுருங்கிக் கெட்டிப்படும், அக்ரிலிக் அப்படிச் சுருங்காது. ஆகையால் இரண்டையும் ஒரே போர்வையில் கலந்தால் முதல் வெந்நீர்ச் சலவையிலேயே அது கோணிக்கொள்ளும். நிறம் பார்த்துப் பிரிப்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

மிச்ச நூலுக்கு வரிசைப் பின்னலைவிடச் சதுரங்களே ஏற்றவை. ஓட்டையுள்ள கிரானி சதுரம் அழகுதான், ஆனால் உங்கள் ஊர்க் காற்று அதனுள் நுழைந்துவிடும். ஆகவே நெருக்கமான சதுரம் போடுங்கள். நடு வளையத்தில் மும்மூன்று டபுள் குரோஷேயாக நான்கு பக்கம், பக்கங்களுக்கு நடுவே இரண்டு செயின்; அடுத்த சுற்றுகளில் கண்ணிக்குக் கண்ணி, மூலையில் மட்டும் இரண்டு கண்ணி, இரண்டு செயின், இரண்டு கண்ணி. பக்கத்துக்கு 3, 7, 11, 15, 19, 23 என்று வளரும். ஸ்வெட்டர் நூலுக்கு 4.5 மி.மீ. ஊசியில் ஆறு சுற்று ஏறக்குறைய 15 செ.மீ. வரும்; எட்டுக்குப் பத்து என்று 80 சதுரம் சேர்த்தால் 120க்கு 150 செ.மீ. போர்வை கிடைக்கும்.

இந்தக் கணக்கில்தான் மிச்ச நூலுக்கு வழி இருக்கிறது. முதல் சுற்றில் 12 கண்ணிதான், ஆறாவது சுற்றில் 92. நெல்லிக்காய் அளவு உருண்டைகூட முதல் இரண்டு சுற்றுக்கு ஆகும். கடைசிச் சுற்றோ மொத்த நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அந்தச் சுற்றை மட்டும் எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் புதிதாக வாங்கிப் போட்டால், உள்ளே எத்தனை நிறம் இருந்தாலும் போர்வை ஒன்றுபோல் தெரியும். மொத்தம் எவ்வளவு நூல் வேண்டும் என்று அறிய, பத்துச் சதுரத்தை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, எட்டால் பெருக்கி, இணைப்புக்கும் கரைக்குமாகப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வாங்கும் நூல் முழுவதும் ஒரே சாய எண்ணாக (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கு இடும் எண்) இருக்கட்டும்.

பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ அலசிக் காயவைத்து உட்புறம் தைத்தால் இன்னும் கதகதப்பாக இருக்கும். மாமியார் விறகடுப்பருகே குளிர் காய்பவராக இருந்தால், அக்ரிலிக் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார விடாதீர்கள். தீப்பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

கேள்வி: சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்துப் போர்வை போட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் துவைக்கலாமா? – ஒரு வாசகி, பீர்மேடு.

பதில்: சிவப்பு நூலின்மேல் ஈர வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் குளிர்ந்த நீரில் தனியாக விரைந்து அலசுங்கள், ஊறவைக்காதீர்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, படுக்கைவாக்கில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நீண்டுவிடும். ஆடி மாத ஈரத்தில் காயாமல் மடித்தால் பூஞ்சை பிடிக்குமாதலால், நல்ல வெயில் வரும்வரை பெரிய சலவையைத் தள்ளிப்போடுங்கள்.