பொற்காலமும் ரயில் டிக்கெட்டும்

கேள்வி: ஸ்பானிய மொழி இலக்கியத்தில் பொற்காலம், நவீனத்துவம், 27-ஆம் தலைமுறை, 'பூம்' என்றெல்லாம் சொல்கிறார்களே, இவற்றை வரிசையாக விளக்குவீர்களா?
– முதுகலை மாணவி ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: வரிசை கிடக்கட்டும். முதலில் அந்தப் பொன்னை உரசிப் பார்த்துவிடுவோம்.

16, 17-ஆம் நூற்றாண்டுகளைத்தான் ஸ்பெயினில் பொற்காலம் என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியதோ பெரும்பாலும் வெள்ளி. அதுவும் கஜானாவில் தங்கவில்லை. 1557, 1596, 1607 என்று கடனைக் கட்ட முடியாமல் அரசே கைவிரித்தது. அப்புறம் எழுத்தாளன் பாடு கேட்க வேண்டுமா? 'டான் குயிக்ஸாட்' நாவலை எழுதிய செர்வான்டஸ் 1571-இல் லெபாந்தோ கடற்போரில் இடது கை விளங்காமல் போனவர். ஊர் திரும்பும் வழியில் பிடிபட்டு அல்ஜியர்ஸில் ஐந்து வருடம் அடிமை. மீண்டு வந்து வரி வசூல் வேலை பார்த்தார். கணக்கு உதைத்தது, 1597-இல் செவில் நகரத்துச் சிறை. நடுவில் 1590-இல், அமெரிக்காவில் ஏதாவது உத்தியோகம் கொடுங்கள் என்று மனுப் போட்டார். இங்கேயே எதையாவது தேடிக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது.

சக எழுத்தாளர்களாவது ஆதரித்தார்களா? நாடகங்களை எழுதிக் குவித்த லோபே தெ வேகா 1604-இல் ஒரு கடிதம் எழுதுகிறார். கவிஞர்களுக்கு இது நல்ல நூற்றாண்டு, ஆனால் செர்வான்டஸ் அளவுக்கு மோசமானவரும் இல்லை, டான் குயிக்ஸாட்டைப் புகழும் அளவுக்கு முட்டாளும் இல்லை என்கிறார். புத்தகம் கடைக்கு வந்தது 1605-இல்! அச்சாகும் முன்பே மதிப்புரை எழுதும் கலை இன்றைய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க.

இதெல்லாம் அதே காலத்துக் கவிஞர்களான கோங்கோரா, கெவெதோ சண்டைக்கு முன்னால் ஒன்றுமில்லை. கோங்கோரா சிக்கலான வாக்கியங்களும் புராணக் குறிப்புகளுமாகக் கவிதையை முறுக்கியவர். கெவெதோவுக்கு அது ஆகாது. மூக்கில் ஒட்டிக்கொண்ட மனிதன் என்று அவர் எழுதிய சானெட், அதாவது பதினான்கு வரிக் கவிதை, கோங்கோராவைப் பற்றியது என்பது பரவலான நம்பிக்கை. 1622-இல் வெலாஸ்கெஸ் வரைந்த கோங்கோரா ஓவியத்தைப் பாருங்கள்: வழுக்கை, கீழ்நோக்கி வளைந்த மூக்கு, உதட்டோரம் கசப்பு. மூக்கு விஷயத்தில் கெவெதோ அதிகமாகப் புளுகவில்லை என்று தெரியும். கோங்கோராவும் சும்மா இருக்கவில்லை, கெவெதோவின் நொண்டலையும் கண்ணாடியையும் கிழித்தார். கடைசியில் சீட்டாட்டத்தில் நொடித்துப்போன கோங்கோரா மாத்ரீதில் குடியிருந்த வீட்டையே கெவெதோ விலைக்கு வாங்கி அவரைக் காலிசெய்ய வைத்தார் என்பார்கள். நம் ஊர் இலக்கியச் சண்டையில் இதுவரை யாரும் பத்திரப் பதிவு அலுவலகம் வரை போனதாகத் தெரியவில்லை.

கோங்கோரா 1627-இல் கோர்தோபாவில் இறந்தார். முந்நூறு வருடம் கழித்து, 1927-இல், லோர்கா, ஆல்பெர்ட்டி, தாமாசோ அலோன்சோ முதலிய இளம் கவிஞர்கள் அவருக்கு விழா எடுத்தார்கள். 27-ஆம் தலைமுறை என்ற பெயர் அந்த விழாவிலிருந்து வந்தது. நூற்றாண்டு மலர்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரியும். அதற்காக என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு பேராசிரியருக்கும் தெரியும். ஆனால் இவர்கள் முன்னுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று போகவில்லை. கோங்கோராவைக் கண்டுகொள்ளாத, ஸ்பானிய மொழிக்கான ராயல் அகாடமியின் சுவரில் இரவில் போய் சிறுநீர் கழித்ததாக ஆல்பெர்ட்டி தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இங்கே அப்படிச் செய்தால் எதிர்ப்பு என்று யாருக்கும் உறைக்காது.

அந்த டிசம்பரில் அவர்கள் செவில் போய்க் கவிதை வாசித்தார்கள். ரயில் செலவு யாருடையது? இக்னாசியோ சான்செஸ் மெகியாஸ் என்ற காளைச் சண்டைக்காரருடையது. தன் பண்ணை வீட்டில் விருந்தும் வைத்தார். இலக்கிய வரலாற்றில் இயக்கங்களைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள், டிக்கெட் எடுத்தவருக்கு ஓர் அடிக்குறிப்புதான். 1934-இல் காளை குத்தி அவர் இறந்ததும் லோர்கா பாடிய இரங்கற்பாவால்தான் அவர் பெயர் நின்றது. இரண்டு வருடத்தில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், லோர்காவையே சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

நவீனத்துவமா? 1888, நிகரகுவாவின் ரூபன் தாரியோ, சிலியில் வெளியிட்ட ஒரு சின்னத் தொகுப்பு. இலக்கிய அலை முதன்முறையாக லத்தீன் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குப் போனது. போதும்.

'பூம்' என்பது லத்தீன் அமெரிக்க நாவல்கள் உலகெங்கும் பரவிய 1960-களின் சமாச்சாரம். அதிலும் எனக்குக் கண்ணில் படுவது தபால் செலவுதான். கொலம்பிய நாவலாசிரியர் மார்க்வெஸும் மனைவி மெர்சிடிஸும் மெக்சிகோ நகரத்தில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' கையெழுத்துப் பிரதியோடு தபால் நிலையத்தில் நிற்கிறார்கள். பதிப்பகம் இருந்த பியூனஸ் அயர்ஸுக்கு அனுப்ப 82 பெசோ, கையில் 53. பாதியை மட்டும் அனுப்பினார்கள். அதுவும் தவறுதலாகப் பின்பாதியை. மீதியை அனுப்ப ஹீட்டர், ஹேர்டிரையர், மிக்ஸி எல்லாம் அடகுக்குப் போயின. இனி இந்த நாவல் மோசமாக இருந்துவிட வேண்டியதுதான் பாக்கி என்று மெர்சிடிஸ் சொன்னதாக மார்க்வெஸ் பிற்பாடு எழுதினார்.