பொம்மை ஒருவருடையது, கதை இன்னொருவருடையது: உரிமம் பெற்ற காமிக்ஸ் வாங்குவோர் கேள்விகள்

சினிமா, பொம்மை, நாவல், தொலைக்காட்சித் தொடர் என்று வேறெங்கோ பிறந்த பாத்திரங்களை உரிமம் பெற்று வெளியிடும் அமெரிக்க காமிக்ஸ் பற்றிய கேள்விகள் இந்த முறை. இந்த வகைப் புத்தகத்துக்குப் பணம் கொடுக்கும் முன் முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் உள்ள உரிமை விவரத்தைப் படித்துவிடுங்கள். மறுபதிப்பு வருமா, விலை ஏறுமா என்பதற்கெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பதில் இருக்கிறது.

கேள்வி: மார்வெலின் 'ராம்: ஸ்பேஸ்நைட்' தொடரைப் பழைய இதழ்களாகத் தேடித்தேடிச் சேர்த்து வந்தேன். பாதிதான் கிடைத்திருக்கிறது. இப்போது திடீரென்று தொகுப்பு வந்துவிட்டது. இத்தனை காலம் ஏன் வரவில்லை? மீதியையும் தனி இதழ்களாகத் தேடுவதா, தொகுப்பை வாங்குவதா? (வாசகர், கோவை)

பதில்: ராம் முதலில் ஒரு பொம்மை. பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1979இல் விற்ற, விளக்கு எரிந்து ஒலி எழுப்பும் மின்னணுப் பொம்மை. அதை விளம்பரப்படுத்தத்தான் மார்வெலுக்கு உரிமம் கொடுத்தார்கள். பொம்மை கடைகளில் விலைபோகவில்லை. காமிக்ஸோ 1986 வரை 75 இதழ்கள் ஓடியது. உலோகக் கவசத்துக்குள் தன் மனிதத்தன்மையைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராக அலையும் ஒருவனின் துயரத்தை எழுதியவர் பில் மான்ட்லோ. நீண்ட காலம் வரைந்தவர் சால் பியுசெமா. கடைசிக் கட்டத்தில் வரைந்தவர் ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ. பொம்மைப் பெட்டியில் இருந்தது ஒரு பெயரும் ஓர் உருவமும்தான். அதற்கு உயிர் கொடுத்தது இவர்களின் உழைப்பு.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ராம் என்ற பெயரும் கவச உருவமும் பொம்மை நிறுவனத்தின் சொத்து. பின்னாளில் அது ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்தின் கைக்கு வந்தது. வரைந்த பக்கங்களும், கதையில் வந்துபோகும் எக்ஸ்-மென் போன்ற விருந்தாளிகளும் மார்வெலின் சொத்து. உரிமம் முடிந்ததும் இருவரில் ஒருவர் தனியாக அந்தப் பக்கங்களை அச்சிட வழியில்லை. 2016இல் ஐடிடபிள்யூ நிறுவனம் ஹாஸ்ப்ரோவிடம் உரிமம் பெற்று ராமை மீண்டும் கொண்டுவந்தது. பழைய பக்கங்கள் மார்வெலிடம் இருந்ததால் புதுக்கதைதான் சொல்ல முடிந்தது. 2023இல் மார்வெலும் ஹாஸ்ப்ரோவும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2024 ஜனவரியில் முதல் பெருந்தொகுப்பு வெளியானது. இடையில் ஏறக்குறைய 38 ஆண்டுகள்.

இதே கதி இன்னும் பலவற்றுக்கு நேர்ந்தது. 1973இல் தொடங்கிய ஷாங்-சி கதைகளில் மகன் ஷாங்-சி மார்வெலின் பாத்திரம். அப்பா ஃபூ மாஞ்சு சாக்ஸ் ரோமர் எழுதிய நாவல்களிலிருந்து உரிமம் பெற்று வந்தவர். மகன் மார்வெலுக்கே சொந்தமாக இருந்தும், அப்பாவின் உரிமம் போனதும் அந்தத் தொடர் முழுவதன் மறுபதிப்பும் முடங்கியது. 2016இல்தான் பெருந்தொகுப்புகள் வரத் தொடங்கின.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதையைப் படிப்பதுதான் நோக்கம் என்றால் தொகுப்பை வாங்குங்கள்; தள்ளிப்போடாதீர்கள். சொந்தப் பாத்திரமான ஸ்பைடர்மேன் கதைகளை மார்வெல் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் அச்சிடலாம். உரிமம் பெற்ற கதைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அடுத்த அச்சு வருவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்துவிடலாம். கைவசம் உள்ள பழைய இதழ்களை விற்றுவிடாதீர்கள். அந்தக் காலத்து வாசகர் கடிதங்களும் விளம்பரங்களும் அவற்றில் இருக்கின்றன. விடுபட்டவற்றில் எக்ஸ்-மென் வரும் 17, 18ஆம் இதழ்களுக்கு விற்பவர்கள் கூடுதல் விலை கேட்பார்கள். அவற்றைத் தொகுப்பில் படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: 1977ஆம் ஆண்டின் 'ஸ்டார் வார்ஸ்' முதல் இதழ், அட்டையில் 35 சென்ட் விலை போட்டது, அரிய பிரதி என்று ஒருவர் இணையத்தில் பெருந்தொகை கேட்கிறார். நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: 35 சென்ட் என்று அச்சாகியிருப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். இந்த இதழில் ஏமாறுபவர்கள் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

படம் திரைக்கு வரும் முன்பே வாசகரிடம் கதையைச் சேர்த்துவிட வேண்டும் என்று படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிமின் விளம்பரப் பொறுப்பில் இருந்த சார்லஸ் லிப்பின்காட் விரும்பினார். மார்வெல் தயங்கியது. அறிவியல் புனைகதைப் படங்களைத் தழுவிய காமிக்ஸ் அதுவரை பெரிதாக விற்றதில்லை. கடைசியில் முதல் 1 லட்சம் பிரதிகளுக்கு உரிமத்தொகையே வேண்டாம் என்று லூகாஸ்ஃபிலிம் ஒப்புக்கொண்டது. ராய் தாமஸ் எழுத, ஹோவர்ட் சேக்கின் வரைந்தார். 1977 மே 25 அன்று படம் வெளியாகும் முன்பே முதல் இதழ் கடைகளுக்கு வந்துவிட்டது. பிறகு மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பாக, முதல் இதழ் 10 லட்சத்தைத் தாண்டி விற்றது. எழுபதுகளின் பிற்பகுதியில் தள்ளாடிக்கொண்டிருந்த மார்வெலை இந்தத் தொடர்தான் காப்பாற்றியது என்று அப்போது ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டரே சொல்லியிருக்கிறார்.

அப்போது இதழின் வழக்கமான விலை 30 சென்ட். 35 சென்ட்டாக உயர்த்தினால் மக்கள் வாங்குவார்களா என்று பார்க்க, அமெரிக்காவின் சில இடங்களில் மட்டும் மார்வெல் 35 சென்ட் விலையில் விற்றுப் பார்த்தது. அந்தப் பிரதிகள்தான் அரியவை. ஆனால் அதே இதழின் மறுபதிப்புகளிலும் 35 சென்ட் விலை உண்டு. அவை ஏராளமாகக் கிடைக்கின்றன. விற்பவரிடம் அட்டையின் மேல் இடது மூலை, கீழே பார்கோடு இருக்கும் இடம், உள்ளே முதல் பக்கத்தின் பொடி எழுத்து ஆகிய மூன்றையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'ரீப்ரிண்ட்' என்ற சொல் அட்டையிலோ உள்ளேயோ இருந்தால் அது மறுபதிப்பு. விலையும் இதழ் எண்ணும் வைர வடிவத்துக்குள் இருந்து, பார்கோடு கோடுகள் இல்லாமல் இருந்தாலும் மறுபதிப்புதான். அசல் 35 சென்ட் பிரதியில் விலை சதுரப் பெட்டிக்குள் இருக்கும், பார்கோடும் இருக்கும்.

சிஜிசி போன்ற தர மதிப்பீட்டு நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் பிரதி என்றால், உறைமேல் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே சரிபாருங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். வணிகமாக விற்கும் இந்தியக் கடையில் ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். விற்பனை அறிவிப்பில் 'அசல்' என்று சொல்லியிருக்கும் பக்கத்தைப் படமாக எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். தன் சொந்தப் பிரதியைத் தனிநபர் ஒருவர் விற்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

கேள்வி: எழுபதுகளின் 'கோனன்' கதைகள் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் தொகுப்பாகக் கிடைக்கின்றன. எது அசல்? (வாசகி, சென்னை)

பதில்: மூன்றிலும் கதையும் ஓவியமும் ஒன்றே. பாத்திரம் கைமாறும்போது மறுபதிப்பு உரிமையும் கூடவே போனதால் வந்த குழப்பம் இது.

கோனன், ராபர்ட் இ. ஹோவர்ட் 1932இல் படைத்த கதைநாயகன். மார்வெல் 1970இல் ஓர் இதழுக்கு 200 டாலர் என்ற தொகைக்கு உரிமம் பெற்றது. நிர்வாகம் அனுமதித்த தொகையைவிட ராய் தாமஸ் கூடுதலாகச் சொல்லிவிட்டதால், ஓவியச் செலவைக் குறைக்க வேண்டியதாயிற்று. முதலில் நினைத்திருந்த ஜான் பியுசெமாவின் ஊதியம் அதிகம். எனவே பாரி ஸ்மித் என்ற ஆங்கிலேய இளைஞருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அமெரிக்க காமிக்ஸில் அதுவரை காணாத நுணுக்கமான கோடுகள் அவருடையவை. அந்த முதல் ஆண்டுகளின் இதழ்களை இன்றும் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கலாம்.

மார்வெலின் தொடர் 1993 வரை 275 இதழ்கள் வந்தது. பின்னர் டார்க் ஹார்ஸ் 2003இல் உரிமம் பெற்று, பழையவற்றை 'கிரானிக்கிள்ஸ் ஆஃப் கோனன்' என்ற பெயரில் மறுபதிப்பு செய்தது. 2019இல் உரிமம் மார்வெலுக்கே திரும்பியது. 2023இல் டைட்டனுக்குப் போனது. டார்க் ஹார்ஸ் பதிப்பு கையடக்கமானது, படிக்க வசதியானது. ஆனால் வண்ணங்களைக் கணினியில் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். ஸ்மித்தின் கோடுகளுக்கு அந்தப் பளபளப்பு பொருந்தவில்லை என்பது என் கருத்து. மார்வெல், டைட்டன் பெருந்தொகுப்புகளில் எது குறைந்த விலைக்குக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். அச்சில் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கேட்டால் கொடுக்காதீர்கள். பாத்திரம் புது நிறுவனத்துக்குப் போனதும், அந்த நிறுவனம் பழையதை மறுபதிப்பு செய்வதுதான் இப்போது வழக்கம். 'ஸ்டார் வார்ஸ்' 2015இல் டார்க் ஹார்ஸிடமிருந்து மார்வெலுக்குத் திரும்பியபோது, டார்க் ஹார்ஸ் வெளியிட்ட கதைகளையும் மார்வெலே தொகுப்பாக்கியது. 'ஏலியன்ஸ்' கதைகளுக்கும் அப்படியே நடந்தது.

கேள்வி: மின்னூலாக வாங்கினால் உரிமம் முடிந்த பிறகும் என்னிடம் இருக்குமா? (வாசகர், பெங்களூரு)

பதில்: விற்பவரின் விதிமுறையைப் பொறுத்தது. நீங்கள் வாங்குவது படிக்கும் அனுமதி மட்டுமே. 2014 முடிவில் டார்க் ஹார்ஸ் தன் 'ஸ்டார் வார்ஸ்' மின்னிதழ்களை விற்பனையிலிருந்து எடுத்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து படிக்க முடிந்தது. அதை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. விற்கும்போதே இது அனுமதி மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2025 முதல் கலிஃபோர்னியாவில் சட்டமே வந்துவிட்டது. கோப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள விடும் கடையில் வாங்குங்கள். பலமுறை படிக்கப்போகும் புத்தகமென்றால் அச்சில் வாங்குவதே நல்லது.

கேள்வி: உரிமம் பெற்ற காமிக்ஸ் எல்லாம் விளம்பரப் பண்டம், அதற்குப் பணம் செலவழிப்பது வீண் என்கிறார் என் அண்ணன். சரியா? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் அண்ணனிடம் கார்ல் பார்க்ஸ் வரைந்த வாத்துக் கதைகள் ஒன்றைக் கொடுங்கள். டிஸ்னியின் பாத்திரங்களை உரிமம் பெற்று வெஸ்டர்ன் நிறுவனம் தயாரிக்க, டெல் வெளியிட்டு வந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர்களின் 'வால்ட் டிஸ்னிஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்' மாதம் 30 லட்சம் பிரதிகளைத் தொட்டது. அந்தக் காலத்தில் கதை எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட மாட்டார்கள். பெயர் தெரியாமலே வாசகர்கள் பார்க்ஸின் கோட்டை அடையாளம் கண்டு, 'நல்ல வாத்து ஓவியர்' என்று அழைத்தார்கள். 1947இல் ஸ்க்ரூஜ் மாமாவை உருவாக்கியவர் அவர். அந்தப் பாத்திரத்தால் டிஸ்னி பிற்பாடு ஈட்டியதில் அவருக்குப் பங்கில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும்தான். எனக்கு இது இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அவர் பெயரை அட்டையில் போட்டு ஃபேன்டாகிராஃபிக்ஸ் வெளியிடும் தொகுப்புகளை நான் முதலில் பரிந்துரைப்பது அதனால்தான்.

அண்ணன் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. 1967இல் கோல்ட் கீ நிறுவனம் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' காமிக்ஸை வரைந்த இத்தாலிய ஓவியர்கள் அந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்ததே இல்லை. கையில் கொடுத்த புகைப்படங்களை வைத்து வரைந்தார்கள். விண்கலத்தின் பின்னால் ராக்கெட்டைப் போல நெருப்பு கக்கும். அவசர வேலையும் உண்டு, அருமையான வேலையும் உண்டு. பாத்திரத்தின் பெயரைப் பார்த்து வாங்காமல், எழுதியவரையும் வரைந்தவரையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 'இரும்புக்கை மாயாவி' பழைய முத்து காமிக்ஸ் பிரதிக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். இதுவும் உரிமச் சிக்கலால் வந்த விலையா? (வாசகர், விருதுநகர்)

பதில்: இல்லை. மாயாவி வேறெங்கிருந்தோ காமிக்ஸுக்கு வந்தவர் அல்ல. 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில், ஃப்ளீட்வே நிறுவனத்தின் சொந்தப் பாத்திரமாகவே பிறந்தவர். ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் அவரைக் கொண்டுதான் தொடங்கியது. முதலில் வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனமே பாத்திரத்துக்கும் உரிமையாளர் என்பதால், ராமுக்கு நேர்ந்த இழுபறி இங்கே இல்லை. இப்போது அந்தப் பழைய பிரிட்டிஷ் கதைகள் ரிபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கின்றன. மாயாவியை ஆங்கிலத்தில் தொகுப்பாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். தமிழிலும் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன.

எனவே நீங்கள் கொடுக்கும் விலை முழுக்க முழுக்க அந்தக் காலத்துத் தாளுக்கும் அட்டைக்கும்தான். அது உங்களுக்கு முக்கியமென்றால் தாராளமாக வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் உள்ள பின் துருப்பிடித்துத் தாளை அரித்திருக்கிறதா, அட்டை அசலா அல்லது நகலெடுத்து ஒட்டியதா என்றும் பாருங்கள். அட்டை நகல் என்றால் கேட்கும் விலையில் பாதிகூடத் தராதீர்கள்.