பன்னெண்டு இடம், மூணு நாள், ரெண்டு வாண்டுங்க

கேள்வி: பையனுக்கு அஞ்சு வயசு, பொண்ணுக்கு ரெண்டு. கோடை லீவுல மூணு நாள் ஒரு பெரிய சிட்டிக்கு போயிட்டு வரலாம்னு இருக்கோம். என் கணவர் பன்னெண்டு இடம் லிஸ்ட் போட்டு, எத்தனை மணிக்கு எங்கங்கற வரைக்கும் எழுதி வச்சிட்டார். மாமியார் "இந்த வெயில்ல குழந்தைங்கள எதுக்கு வதைக்கறீங்க, பேசாம வீட்டுல இருங்க"ன்னு சொல்றாங்க. ரூம் சிட்டிக்கு வெளியில எடுத்தா பாதி செலவுதான் ஆகும். எனக்கு ஒண்ணும் முடிவெடுக்க வரல. (பெயர் வேண்டாம்னு கேட்ட வாசகி)

பதில்:

மாமியார் பேச்சுலருந்தே ஆரம்பிக்கறேன்மா, ஏன்னா அவங்க சொல்றது பாதி சரி. சின்னக் குழந்தைங்க உடம்பு நம்மள விட சீக்கிரம் சூடாகும், எடையோட வச்சுப் பார்த்தா அவங்களுக்கு தோல் பரப்பு ஜாஸ்தி, வெளிக்காத்து உடம்பை விட சூடா இருந்தா அவ்வளவும் வேகமா உள்ள ஏறிடும், வேர்வையும் நம்ம அளவுக்கு வராது. போதாக்குறைக்கு விளையாட்டு மும்முரத்துல தாகம் எடுக்குதுன்னு வாயத் திறந்து சொல்லவும் சொல்லாதுங்க. ஆனா இதுக்கு வீட்டுலயே உக்காந்திருக்கணும்னு இல்ல, எந்த நேரத்துல வெளியில இருக்கோம் எந்த நேரத்துல உள்ள இருக்கோம்ங்கறதுதான் கணக்கு. உங்க வீட்டுக்காரர் இடத்த வச்சு பிளான் போட்டிருக்கார், நீங்க நேரத்த வச்சு போடுங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்படின்னு சொல்றேன். ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து 11லருந்து 14 மணி நேரம் தூக்கம் வேணும், அஞ்சு வயசுக்கு 10லருந்து 13 வேணும். மிச்சம் இருக்கற நேரத்துல குளிக்கறது, சாப்பிடறது, செருப்பு ஒண்ணு காணாம தேடறது, கிளம்பற நேரத்துல பாத்ரூம்னு சொல்றது எல்லாம் கழிச்சா, நிஜமா ஊர் சுத்தறதுக்கு காலைல ஒரு மூணு மணி நேரம், சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம் தேறும். நடுவுல இருக்கறது வெயிலுக்கும் தூக்கத்துக்கும் போயிடும், அதுல கை வைக்காதீங்க. காலைல பத்து மணிலருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் வெயில் தோலை சுடற நேரம், அதுலயும் சிட்டிங்கறது கான்கிரீட்டும் தார் ரோடும் பகல் முழுக்க சூட்டைக் குடிச்சு வச்சுக்கிட்டு சாயங்காலம் கக்கற எடம், அதனால நாலு மணி ஆச்சேன்னு உடனே கிளம்பாதீங்க, அஞ்சு ஆகட்டும். மூணு நாள்ல முதல் நாள் போய்ச் சேர்றதுலயே பாதி போயிடும், கடைசி நாள் கிளம்பறதுல பாதி போயிடும். கூட்டிக் கழிச்சா நாலு இடம், ரொம்ப மீறினா அஞ்சு. பன்னெண்டுங்கறது கல்யாணத்துக்கு முன்னாடி போட வேண்டிய லிஸ்ட்.

இப்ப நீங்க கடைசியா எழுதின ரூம் விஷயம், என்னைக் கேட்டா உங்க லெட்டர்லயே முக்கியமான வரி அதுதான். செலவு பண்றதா இருந்தா டிக்கெட்டுக்கு இல்ல, ரூம் இருக்கற இடத்துக்கு பண்ணுங்க. பாக்கப் போற இடத்துலருந்து இருபது நிமிஷத்துக்குள்ள ரூமுக்கு திரும்ப முடிஞ்சாதான் இந்த மத்தியான தூக்கங்கற பிளானே நடக்கும். சிட்டிக்கு வெளியில எடுத்தா போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம், மத்தியானம் யாரும் திரும்பி வர மாட்டீங்க, பொண்ணு ஏதோ ஒரு மால் சேர்ல தலை தொங்கிக்கிட்டு அரைகுறையா தூங்கி எழுந்து சாயங்காலம் முழுக்க அழுவா, அப்புறம் டாக்ஸிக்கு குடுக்கற காசுல மிச்சம் பிடிச்சதெல்லாம் கரைஞ்சிடும். மூணு நாளுக்கு பட்ஜெட் இடிக்குதுன்னா ரெண்டு நாளா குறைச்சுக்கிட்டு சிட்டி நடுவுல ரூம் எடுங்க, அதுல ஒண்ணும் குறைஞ்சிடாது.

புக் பண்றதுக்கு முன்னாடி ஹோட்டலுக்கு நேரா போன் போட்டு பேசிடுங்க, போட்டோவை நம்பாதீங்க. லிஃப்ட் இருக்கா, ஃபிரிட்ஜ் இருக்கா, ஜன்னல் கர்ட்டன் கனமானதா இல்ல வெளிச்சம் வடியுமா, ஜன்னல்ல பூட்டு உண்டா, பால்கனி இருந்தா கம்பி இடைவெளி எவ்வளவு, எல்லாம் கேக்கலாம், கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ரூமுக்குள்ள நுழைஞ்ச உடனே முதல் வேலை பால்கனியிலயும் ஜன்னல்கிட்டயும் கிடக்கற சேர் டீப்பாய் எல்லாத்தையும் தள்ளிப் போடறது (ஏற ஒரு ஸ்டூல் கிடைச்சா ரெண்டு வயசுக்கு ரெண்டு செகண்ட் போதும்), அப்புறம் கெட்டில் ஒயர் தொங்காம மேல எடுத்து வைக்கறது. இன்னொண்ணு, நாலு பேரும் ஒரே ரூம்னா ராத்திரி எட்டு மணிக்கு லைட்டை அணைச்சிட்டு நீங்களும் அவரும் இருட்டுல போனை நோண்டிட்டு கிடக்கணும், நடுவுல ஒரு தடுப்போ, கதவு சாத்தற மாதிரி சின்ன ஹாலோ இருக்கற ரூம் கிடைச்சா கொஞ்சம் கூடக் குடுத்தாலும் பரவாயில்ல.

இடத்துக்கு வருவோம். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அவ்வளவுதான். காலை இடம் எதுவா இருந்தாலும் திறக்கற நேரத்துக்கே போயிடுங்க. மிருகக்காட்சி சாலைன்னா அது ரொம்ப முக்கியம், வெயில் ஏறிட்டா மிருகமெல்லாம் நிழல்ல சுருண்டு படுத்துக்கும், காலைலதான் நடமாட்டம் இருக்கும், க்யூவும் இருக்காது. மியூசியம்னா முழுசா பாக்கணும்னு நினைக்காதீங்க, டைனோசர் எலும்போ பழைய ரயில் இன்ஜினோ எது பையனுக்கு பிடிக்குமோ அந்த ஒரு ஹால், முக்கால் மணி நேரம், வெளியில வந்துடுங்க. நிறைய மியூசியம் வாரத்துல ஒரு நாள் மூடியிருக்கும், பல ஊர்ல அது திங்கக்கிழமை, அதனால நாள் குறிக்கறதுக்கு முன்னாடியே செக் பண்ணிக்கோங்க. டைம் போட்ட டிக்கெட் ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல எடுக்காதீங்க, ரெண்டு எடுத்தா குழந்தைங்கள இழுத்துக்கிட்டு ஓட வேண்டி வரும்.

அப்புறம் உங்களுக்கு சாதாரணமா தெரியறது அவங்களுக்கு அதிசயம். மெட்ரோ, படகு, ரெண்டடுக்கு பஸ்ஸோட மாடி, பெரிய எஸ்கலேட்டர், புறாக்கூட்டம், தண்ணி பீச்சி அடிக்கற ஃபவுண்டன், இதெல்லாமே ஒரு அயிட்டம்தான், போற வழியில கடந்து போயிடாம அதையே அந்த சாயங்காலத்து ப்ரோக்ராமா வச்சுக்கலாம். அதிலயும் பார்க்குல சறுக்கு மரத்துல விடறதுக்கு முன்னாடி புறங்கைய வச்சுப் பாருங்க, வெயில்ல காஞ்ச இரும்பும் பிளாஸ்டிக்கும் தோலைப் பொசுக்கிடும்.

வெயில் பத்தி இன்னும் கொஞ்சம், இதுல அசட்டையா இருக்கக் கூடாது. தண்ணிய கேக்கும்போது குடுக்கறது இல்ல, அரை மணிக்கு ஒரு தடவை நாலு வாய் நீங்களே குடுக்கணும். ஒண்ணுக்கு போறத கவனிங்க, நிறம் அடர் மஞ்சளா ஆனா, அழும்போது கண்ணீர் வரலைன்னா, டயப்பர் ரொம்ப நேரமா காஞ்சே இருந்தா உடம்புல தண்ணி குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ஓஆர்எஸ் பாக்கெட் ரெண்டு பையில போட்டுக்கோங்க, வாந்தி பேதி ஆனா உதவும், அதுல எத்தனை தண்ணின்னு எழுதியிருக்கோ அந்த அளவு தண்ணியில முழு பாக்கெட்டையும் கலக்கணும், கண்ணளவுல கொஞ்சம் கொட்டிக் கலக்கறது வேலைக்கு ஆகாது, ஜூஸும் சோடாவும் அதுக்கு பதில் ஆகாது. எஸ்பிஎஃப் 30க்கு மேல இருக்கற சன்ஸ்கிரீன வெளியில கிளம்ப கால் மணி நேரம் முன்னாடி தடவி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப தடவுங்க. ஸ்ட்ரோலர்ல வெயில் படக்கூடாதுன்னு நிறைய பேர் மேல துணிய போத்தி மூடிடறாங்க, பாக்க நல்ல எண்ணம்தான், ஆனா உள்ள காத்து போகாம சூடு அடைஞ்சு போயிடும், அதுக்குன்னு வர்ற குடை போதும். கார்ல போறீங்கன்னா நிறுத்தின கார்ல ஒரு நிமிஷம் கூட குழந்தைய விட்டுட்டு இறங்காதீங்க, பத்து நிமிஷத்துல உள்ள 10 டிகிரி செல்சியஸ் போல ஏறிடும், ஜன்னலை ஒரு விரல் திறந்து வச்சாலும் பெருசா குறையாது. உடம்பு கொதிச்சு, பேச்சு குழறி, மந்தமா துவண்டு போனா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டு நிழலுக்கு தூக்கிட்டுப் போய் ஈரத்துணியால துடைச்சு விசிறணும், யோசிச்சுட்டு நிக்கக் கூடாது.

கூட்டத்துல காணாம போறதுதான் எல்லா அம்மாவுக்கும் உள்ளூர இருக்கற பயம். தினமும் காலைல ரூமை விட்டு கிளம்பும்போது ரெண்டு பேரையும் முழு உருவமா ஒரு போட்டோ எடுங்க, அன்னைக்கு என்ன டிரஸ்னு பதட்டத்துல யாருக்கும் ஞாபகம் வராது. போன் நம்பரை மணிக்கட்டுல பேனாவால எழுதிடுங்க. பையனுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிக் குடுங்க: அம்மாவ காணோம்னா தேடிப் போகாத, நின்ன எடத்துலயே நில்லு, சத்தமா அம்மா பேர் சொல்லி கூப்பிடு. அம்மான்னு கத்தினா அந்தக் கூட்டத்துல பத்து பேர் திரும்பிப் பாப்பாங்க, அதனால உங்க பேர் அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். மெட்ரோன்னா இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க, கதவு மூடி அவன் பிளாட்பார்ம்ல மாட்டிக்கிட்டா அங்கயே நிக்கணும், ரயிலுக்குள்ள மாட்டிக்கிட்டா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கயே நிக்கணும். வீட்லயே நாலு நாள் விளையாட்டா நடிச்சுப் பழக்குங்க.

டயப்பர் விட்டாச்சுன்னாலும் பொண்ணுக்கு இந்த மூணு நாள் போட்டு விடுங்க, யாரும் மார்க் போடப் போறதில்ல. பாத்ரூம் எங்க கண்ணுல பட்டாலும் பையன கூட்டிட்டுப் போயிடுங்க, அவன் கேக்கற வரைக்கும் காத்திருந்தா அது எப்பவுமே க்யூ நடுவுலதான் வரும்.

உங்க வீட்டுக்காரர் பாவம், ஆசையா எழுதியிருக்கார், லிஸ்ட்டை அப்படியே கிழிச்சுப் போடாதீங்க. மத்தியானம் குழந்தைங்க தூங்கற ரெண்டு மணி நேரம் இருக்கே, அதுல ஒரு நாள் நீங்க ரூம்ல இருங்க, அவர் தனக்குப் பிடிச்ச ஏசி போட்ட ஒரு இடத்துக்கு தனியா போயிட்டு வரட்டும், அடுத்த நாள் அவர் இருக்கட்டும் நீங்க போங்க. ஆனா அந்த அடுத்த நாள் நிஜமாவே நீங்க போகணும், பாத்திரம் கழுவி துணி மடிச்சு அந்த நேரத்த ஓட்டிடாதீங்க. மாமியாரும் கூட வர்றாங்களான்னு எழுதல. வந்தா ரெண்டு குழந்தைக்கு மூணு பெரியவங்க, பெரிய வசதி, ஆனா அவங்களுக்கும் முட்டி வலி வெயில் எல்லாம் உண்டு, குழந்தைய பாத்துக்க ஆள் கிடைச்சுதுன்னு அவங்க தலைல கட்டிடாதீங்க, அவங்களுக்குன்னு ஒரு இடத்த அந்த நாலுல சேர்த்துக்கோங்க.

கார்லயோ பஸ்லயோ போனா பையனுக்கு வாந்தி வர்ற வயசு இது, ரெண்டு வயசுக்கு மேல பன்னெண்டு வரைக்கும்தான் அது அதிகம், போன்ல படம் போட்டுக் குடுக்காம தூரத்துல பாக்கச் சொல்லுங்க, கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்ட சாப்பிட வைக்காதீங்க. கடைசி நாள் ரூமை காலி பண்ணிட்டு மூட்டைய தூக்கிக்கிட்டு வெயில்ல சுத்தறது மாதிரி கொடுமை வேற இல்ல, லக்கேஜ ரிசப்ஷன்ல வச்சுக்குவாங்களான்னு அந்த முதல் போன்லயே கேட்டுக்கோங்க, மாத்து டிரஸ் ஒரு செட் மட்டும் மேல கைக்கு எட்டற மாதிரி தனியா எடுத்து வச்சிட்டு மிச்சத்த பூட்டிடுங்க.