பூண்டு போடலாமா? உழவர் கேள்வி–பதில்

கேள்வி: போன சீசனில் பூண்டு நல்ல விலைக்குப் போனது. கேரட் எடுத்த ஒரு ஏக்கரில் இந்த முறை பூண்டு நடலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: நடலாம். ஆனால் மண்டி விலையைப் பார்க்கும் முன் விதை விலையைப் பாருங்கள். பூண்டில் விளைபொருளேதான் விதை. மண்டியில் ஏறினால் விதையும் கூடவே ஏறும். ஏக்கருக்கு 200 முதல் 250 கிலோ பல் வேண்டும். உள்பக்கத்துச் சிறுபல், அடிபட்டது, சருகு எல்லாம் கழிந்துபோவதால் முழுப் பூண்டாக 300 கிலோ வாங்க வேண்டிவரும்.

உதாரணத்துக்கு, விதை கிலோ 300 ரூபாய் என்றால் 90,000 ரூபாய். நாலு மாதம் கழித்து 2,500 கிலோ எடுக்கிறீர்கள், அப்போது விலை 60 ரூபாய் என்று வையுங்கள். 1,500 கிலோ விதைக் கடனுக்கே போய்விடும். மீதி 1,000 கிலோவில்தான் நடவுக்கூலி, களை, உரம், அறுவடை, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் அடங்க வேண்டும். அதே விதையை 100 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 500 கிலோவோடு அந்தக் கணக்கு தீர்ந்திருக்கும். விலை உச்சியில் இருக்கிற வருடம் பார்த்துப் புதிதாக இறங்குகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஆகவே முதலில் 20 சென்ட் மட்டும் நடுங்கள். அதில் வரும் பூண்டில் திரண்டதாக 300 கிலோ நிறுத்தினால் அடுத்த போகத்துக்கு ஏக்கர் விதை கையில் இருக்கும். தாளோடு பிடி கட்டி, காற்றாடும் இடத்தில் தொங்கவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து எடுங்கள். அறுத்த சூட்டோடு நட்டால் முளைப்பு முன்னும் பின்னுமாக வரும். வெண் அழுகல் என்ற பூஞ்சை நோய் கண்ட வயலிலிருந்து ஒரு பல்கூட விதைக்கு எடுக்க வேண்டாம். கசகசா அளவிலான அந்தப் பூஞ்சையின் கருப்பு வித்துகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

கேரட்டுக்குப் போட்ட உரம் மண்ணில் மிச்சம் இருக்கும் என்பதால் ஒன்று கவனியுங்கள். 45ஆம் நாள் மேலுரத்தோடு யூரியாவை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு தழைச்சத்து கூடினால் பல்லிலிருந்து பக்கத்தளிர் கிளம்பிப் பூண்டு விரிந்துவிடும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் வடமாநில விதை வியாபாரிகள் விரிந்த பூண்டைத் தொடமாட்டார்கள். அது சமையல் ரகமாகக் குறைந்த விலைக்குத்தான் போகும்.

கேள்வி: கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, ஆதரவு விலை ஏன் இல்லை?
– வாசகர், பூம்பாறை

பதில்: இரண்டும் வேறு வேறு. குறியீடு, வெளியூர்ப் பூண்டை உங்கள் ஊர்ப் பெயரில் விற்பதைத் தடுக்கும். விலைக்கு உத்தரவாதம் தராது. அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்த, சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்கள் பதிந்துகொள்ளவும் வேண்டும்.

மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் பூண்டு இல்லை. அழுகும் பொருட்களுக்கென்று, விலை விழும்போது அரசே வாங்கும் சந்தைத் தலையீட்டுத் திட்டம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய சாதாரண வருடத்தைவிட விலை 10 சதவீதமாவது விழுந்திருக்க வேண்டும், மாநில அரசு கேட்க வேண்டும், நஷ்டத்தில் பாதியையும் ஏற்க வேண்டும். 2025 பிப்ரவரியில் கொள்முதல் உச்சவரம்பை உற்பத்தியில் 20லிருந்து 25 சதவீதமாக உயர்த்தினார்கள். சரக்கை வாங்காமல் விலை வித்தியாசத்தை மட்டும் கணக்கில் போடவும் வழி செய்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் மாநிலம் கடிதம் எழுதி, ஒப்புதல் வந்து சேர்வதற்குள் சிறு விவசாயி விற்றுவிட்டுப் போயிருப்பார்.

2018இல் மத்தியப் பிரதேசம் பூண்டுக்கு, விற்ற விலைக்கு மேல் குவிண்டாலுக்கு 800 ரூபாய் கொடுத்தது. முன்பதிவு செய்து, குறிப்பிட்ட நாட்களுக்குள், மண்டியில் விற்றவர்களுக்குத்தான் அது. இப்படி நாள் குறித்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் சரக்கை இறக்குவார்கள், விலை இன்னும் சரியும். இங்கே எப்போது எந்த உதவி வந்தாலும், கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் ‘பூண்டு’ என்ற பதிவும் மண்டி ரசீதும் கேட்பார்கள். துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். பயிர்க் காப்பீட்டை விலை வீழ்ச்சிக்கு நம்ப வேண்டாம், அது மகசூல் இழப்புக்கு மட்டும்.

கேள்வி: பூண்டு காய்கறியா, மசாலாவா? இதற்குக்கூட வழக்கு நடந்ததாமே?
– வாசகர், தேனி

பதில்: நடந்தது, மத்தியப் பிரதேசத்தில். எந்த மண்டியில் விற்கலாம், நடுவில் கமிஷன் ஏஜென்ட் இருக்கலாமா என்பதுதான் உள்விவகாரம். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு, காய்கறிதான், காய்கறி மண்டி, மசாலா மண்டி இரண்டிலும் விற்கலாம் என்றது.

கேள்வி: சீனப் பூண்டுக்குத் தடை என்கிறார்கள். ஆனால் கடையில் பெரிய பெரிய வெள்ளைப் பூண்டு கிடைக்கிறதே? அதையே விதைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பூஞ்சைத் தாக்குதல் காரணமாக 2014 முதல் தடை இருக்கிறது. இருந்தும் நேபாள எல்லை வழியாகக் கடத்தி வருகிறார்கள். பெரிதாக இருப்பதெல்லாம் சீனம் இல்லை. ஆப்கானிஸ்தான் பூண்டு முறைப்படியே இறக்குமதியாகிறது. எதுவானாலும் விதைக்காதீர்கள். நோயை நிலத்துக்குக் கொண்டுவருவது ஒரு பக்கம். குளிரும் நீண்ட பகலும் பழகிய ரகம் மதுரை வெயிலில் தாள் மட்டும் விட்டு நிற்கும், அடியில் பல் பிரியாது.